பிளம்பர் கூலி போதும்!

பி.காம். படித்தவர்களுக்கு 'ராயல்டி அக்கவுன்ட்ஸ்' ஞாபகம் இருக்கும். சரக்கு விற்க விற்க பங்கு வந்துகொண்டே இருக்கும். உட்கார்ந்த இடத்தில் காசு! அதை ஒரு மனுஷன் வேண்டாம் என்றார். நம்புவீர்களா?

நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழு. 1991-ல் வந்த அவர்களின் 'நெவர்மைண்ட்' ஆல்பம், அடுத்த ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தையே முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டது. ஆனாலும் பாடகர் கர்ட் கோபேனுக்கு ஒரு உறுத்தல். பாட்டில் பாலிஷ் ஜாஸ்தியாகிவிட்டதாம்!

அடுத்தது கரடுமுரடாகவே இருக்கட்டும் என்று சிகாகோவின் ஸ்டீவ் ஆல்பினியை ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்டார்கள். அவர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாரம் இதுதான்: பாட்டு உங்களுடையது, அதில் எனக்கு ராயல்டி என்பது தர்மமில்லை. பிளம்பருக்குக் கொடுப்பதுபோல வேலைக்குக் கூலி கொடுங்கள். 30 லட்சம் பிரதிகள் விற்றால் ராயல்டி சுமார் 4 லட்சம் டாலர் வரும் என்று கணக்கும் போட்டிருந்தார். அவ்வளவு வாங்கினால் ராத்திரி தூக்கம் வராதாம்!

1 லட்சம் டாலருக்கு முடிவானது. 1993 பிப்ரவரி. மின்னசோட்டாவின் பாக்கிடெர்ம் ஸ்டுடியோவில், வேறொரு குழுவின் பெயரில் ரகசியமாக புக்கிங். இரண்டே வாரத்தில் 'இன் யூட்டரோ' ரெடி.

கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. குழுவுக்கும், 'குரல் அமுங்குதோ?' என்று சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் இரண்டு பாட்டுகளை மட்டும் ஸ்காட் லிட் என்பவர் மறுபடி மிக்ஸ் செய்தார். ஆல்பினிக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. யோசித்துப் பாருங்கள். விற்பனையில் பங்கு இருந்திருந்தால், அவர் காதும் கம்பெனி பக்கம் சாய்ந்திருக்காதா? கூலி வாங்கியவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

செப்டம்பரில் ஆல்பம் வந்தது. நேராக முதலிடம்! 1994 ஏப்ரலில், 27 வயதில், கோபேன் தற்கொலை செய்துகொண்டார். குழுவின் கடைசி ஸ்டுடியோ ஆல்பம் அதுவே ஆனது. அமெரிக்காவில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் ஒரு பைசாகூட ஆல்பினி கணக்கில் ஏறவில்லை. மற்ற குழுக்களிடமும் அதே கூலி முறைதான். 2024 மே மாதம், 61 வயதில் இறக்கும்வரை ஒலிப்பதிவு வேலையை விடவே இல்லை.

வேண்டாம் என்று விட்ட பணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. நானாக இருந்தால் 'குட்வில்' என்று எழுதுவேன். நீங்கள்?