சாளரக் கண்ணாடியும் ஒரு வழக்கறிஞரும்



35 ஆண்டுகள் பிறருக்குக் கற்பித்தே பழகிய ஒருவன், அறுபது வயதைக் கடந்தபின் தானே மாணவனாக அமர்வது எளிதன்று. இதனை நான் பட்டு அறிந்தேன். ஓய்வு பெற்றபின், வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டிகளால் இணைத்துச் சாளரம் சமைக்கும் ஐரோப்பியக் கலையைப் பொழுதுபோக்காகக் கற்க விரும்பினேன். நூல்களைப் படித்தேன், குறிப்பெடுத்தேன், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பழகிய வழக்கப்படி பாடத்திட்டமும் எழுதிக்கொண்டேன். பிறகு முதற் கண்ணாடியை மேசைமேல் வைத்து வெட்டினேன். நான் இட்ட கோடு ஒருபுறம் இருக்க, கண்ணாடி மற்றொருபுறம் முறிந்தது. இரண்டாவதும் அவ்வாறே ஆயிற்று. கோட்டின்மேல் மீண்டும் அழுத்தி இழுத்தேன். மூன்றாவது துண்டு துண்டாயிற்று.

எங்கள் ஊர்க் கண்ணாடிக் கடை இளைஞர் ஒருவர்தாம் என் பிழையைக் காட்டினார். "சார், ஒரே கீறல்தான். திரும்ப இழுத்தால் கண்ணாடியும் போச்சு, சக்கரமும் போச்சு" என்றார். கண்ணாடியை நாம் வெட்டுவதில்லை. சிறு உருக்குச் சக்கரத்தால் அதன் மேற்பரப்பில் ஒரு மெல்லிய கீறலை உண்டாக்கி, அக்கீறல் வழியே பிளவு ஓடுமாறு வளைத்து முறிக்கிறோம். நான் படித்த நூலிலும் இது இருந்தது. ஆனால் எவ்வளவு அழுத்துவது என்பதைக் கை அறியவில்லை.

நூலுக்கும் கைக்கும் இடையே உள்ள இந்த இடைவெளி, இக்கலையின் வரலாற்றிலேயே ஒரு பெரும் பள்ளமாக விழுந்த காலம் உண்டு.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோஃபிலஸ் என்ற பெயரில் ஒரு கிறித்தவத் துறவி இலத்தீன் மொழியில் ஒரு தொழில்நூல் எழுதினார். ஓவியம், கண்ணாடி, உலோகம் என அது முப்பகுதிகள் உடையது. இரண்டாம் பகுதியைப் படிப்போர் ஒரு பட்டறைக்குள் நிற்பதாகவே உணர்வர். பீச் மரச் சாம்பல் இரண்டு பங்கும் தூய மணல் ஒரு பங்கும் சேர்த்து உருக்கக் கண்ணாடி பிறக்கிறது. அகன்ற பலகையின்மேல் சுண்ணம் பூசி, சாளரத்தின் முழு அளவில் உருவங்களை வரைகின்றனர். எவ்விடத்தில் எந்நிறம் என்பதற்கு எழுத்தால் குறியிடுகின்றனர். கண்ணாடியை அதன்மேல் வைத்து, கீழே தெரியும் கோட்டை ஒற்றி எடுக்கின்றனர். அன்று சக்கரமும் இல்லை, வைர முனையும் இல்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பின் நுனியை விளிம்பில் வைத்துப் பிளவை உண்டாக்கி, அதனைக் கோட்டின் வழியே இழுத்துச் செல்கின்றனர். கண்ணாடி இணங்காவிடின், விரலால் உமிழ்நீரைத் தொட்டு அவ்விடத்தில் வைக்கச் சொல்கிறார் துறவி. சூடுற்ற இடம் திடீரெனக் குளிர்ந்தால் பிளக்கும் என்பது உங்கள் இயற்பியல் பாடமே. முகத்தின் கோடுகளும் ஆடையின் மடிப்புகளும் செப்புத் துகளும் அரைத்த கண்ணாடிப் பொடியும் கலந்த கருநிறச் சாந்தால் தீட்டப்பட்டுச் சூளையில் சுடப்படுகின்றன. இறுதியில் ஈயப் பட்டிகளில் பொருத்தி, மூட்டுகளை வெள்ளீயம் கலந்த பற்றாசால் இணைக்கின்றனர். 1194ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப்பின் பிரான்சில் புதிதாக எழுந்த ஷார்த்ர் பேராலயத்தின் சாளரங்கள், இத்தகைய கைத்திறனின் உச்சநிலை எனலாம்.

இத்தொழில் பின்னர்த் தேய்ந்தது. கண்ணாடித் துண்டுகளின் நிறத்தையே நம்பாமல், வெண்கண்ணாடியின்மேல் துணியில் தீட்டுவதுபோல் வண்ணம் தீட்டும் வழக்கம் 16ஆம் நூற்றாண்டில் பரவியது. சமயப் பூசல்களும் சேர்ந்துகொண்டன. 1643-44ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் கிழக்கு மாவட்டங்களில் வில்லியம் டௌசிங் என்பவர் அதிகார ஆணையுடன் ஆலயந்தோறும் சென்று சாளரங்களை உடைப்பித்தார். உடைத்த கணக்கை நாட்குறிப்பாகவும் எழுதி வைத்தார். நாட்குறிப்பு எழுதும் நற்பழக்கம் இதற்கும் பயன்பட்டது என்பதை எண்ணுங்கால் வியப்பாயிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் பழைய பாணியில் சாளரங்கள் செய்யப் பலர் முயன்றனர். உருவம் ஒத்தது, ஒளி ஒக்கவில்லை. பழைய சாளரம் கதிரவன் ஒளியைத் தன்னுள் தேக்கிச் சுடர்ந்தது. புதியது நீர்த்துத் தோன்றியது. ஏன் என்பதை அறிய முற்பட்டவர் தொழிலாளி அல்லர், ஓவியரும் அல்லர். அவர் சார்லஸ் வின்ஸ்டன் (1814-1864), லண்டனில் தொழில் புரிந்த வழக்கறிஞர். ஓய்வு கிடைத்த போதெல்லாம் ஊர் ஊராகச் சென்று பழைய சாளரங்களை வண்ணத்தில் படியெடுப்பது இவரது பொழுதுபோக்கு. 1847இல் பழஞ்சாளரங்களின் பாணி வேறுபாடுகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அதில் தம் பெயரை இட்டாரில்லை. "ஓர் ஆர்வலர்" என்று மட்டுமே குறித்தார். தியோஃபிலஸின் கண்ணாடிப் பகுதியையும் ஆங்கிலத்தில் பெயர்த்து அதன் பின்னிணைப்பாகச் சேர்த்தார்.

ஆயினும் நூலறிவோடு அவர் நிற்கவில்லை. குறை, கையில் மட்டுமன்று, பொருளிலேயே இருக்கிறது என்று ஐயுற்றார். புதிய கண்ணாடி சீராகவும் மெல்லியதாகவும் மிகத் தெளிவாகவும் இருந்தது. அதனூடே பார்த்தால் அப்பாலுள்ள பொருள் அப்படியே தெரியும். பழையதிலோ குமிழிகளும் தடிப்பு மாற்றங்களும் கலப்புகளும் இருந்தன. ஆலைகள் குற்றமென்று நீக்கியவையே அதன் அழகுக்குக் காரணமாயிருந்தன! 1850ஆம் ஆண்டை ஒட்டி, பழங்கண்ணாடித் துண்டுகளை மெட்லாக் என்னும் வேதியியலரிடம் கொடுத்துப் பகுத்தாய்வு செய்வித்தார். பழைய நீலத்துக்குக் கோபால்ட் காரணம் என்பது தெளிவாயிற்று. அம்முடிவுகளைக் கொண்டு லண்டன் ஒயிட்ஃபிரையர்ஸில் இருந்த ஜேம்ஸ் பவல் நிறுவனத்தார் பழையதை ஒத்த கண்ணாடியை உருக்கினர். மறுமலர்ச்சிச் சாளரங்களுக்கு உரம் அங்கிருந்து கிடைத்தது.

இவரை நான் குறையற்றவராகக் காட்ட விரும்பவில்லை. கிளாஸ்கோ பேராலயத்துக்கு ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து சாளரங்கள் தருவிப்பதை இவர் ஆதரித்தார். 1859 முதல் பொருத்தப்பட்ட அவற்றின் தீட்டு வண்ணம் நிலைக்கவில்லை. பெரும்பாலானவை 20ஆம் நூற்றாண்டில் அகற்றப்பட்டன. பழங்கண்ணாடியை அவ்வளவு நுணுகிக் கண்டவர் புதிய வண்ணத்தின் ஆயுளைக் கணிக்கத் தவறினார். ஆனால் அவர் கையால் வரைந்த நூற்றுக்கணக்கான படிகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்று, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

என் மேசைமீதும் இப்போது ஒரு சிறு சாளரம் இருக்கிறது. ஒரு முழம் அகலம். சிவப்பும் நீலமும் பச்சையுமாக ஒன்பது துண்டுகள். பற்றாசு சில மூட்டுகளில் கட்டியாக நிற்கிறது. ஒரு மூலையில் கண்ணாடி குட்டையாகப் போனதால் ஈயத்தைச் சற்றே நெருக்கி மறைத்திருக்கிறேன். கடைக்கார இளைஞர் வந்து பார்த்தார். மறைத்த மூலையில்தான் முதலில் விரலை வைத்தார்.