ஷெர்காட்டி விண்கல்லின் கறுப்புப் பட்டைகள்

1865 ஆகஸ்ட் 25 அன்று காலை, பீகாரில் கயா பக்கத்து ஷெர்காட்டியில் சுமார் 5 கிலோ எடையுள்ள ஒரு கல் வானத்திலிருந்து விழுந்தது. அதன் பெரும்பகுதி இன்றும் கொல்கத்தாவில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வசம் இருக்கிறது. ஆனால் கல்லின் பூர்வீகத்துக்கு முதல் தடயம் கிடைத்தது கடல் கடந்து வியன்னாவுக்குப் போன துண்டில்தான்.

அங்கே அரச கனிமச் சேகரிப்பைக் கவனித்துவந்த குஸ்தாவ் செர்மாக், அந்தத் துண்டை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தார். இன்றைய சேகரிப்பாளர்களின் வழியும் அதுதான். சீவலின் கனம் 0.03 மில்லிமீட்டர். ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் முனைவாக்கிகள் இரண்டைக் குறுக்காகப் பொருத்திச் சீவலைச் சுழற்றினால், பைராக்சீன் என்ற கனிமத்தின் மணிகள் மஞ்சளும் ஆரஞ்சும் நீலமுமாக ஒளிரும், அணையும், மறுபடி ஒளிரும். அவற்றுக்கிடையே நேர்விளிம்புள்ள நீளப் பட்டைகள். உருவத்தைப் பார்த்தால் சாட்சாத் பிளேஜியோகிளேஸ் என்ற கனிமம். அதுவாக இருந்தால் சாம்பலும் வெள்ளையுமாகக் கோடு காட்டியிருக்க வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் இந்தப் பட்டைகள் கறுப்பாகவே நிற்கின்றன. ஒரு முனைவாக்கியை எடுத்துவிட்டால் தண்ணீர்போல நிறமற்றுத் தெரிகின்றன!

இது புதுக் கனிமம் என்று 1872இல் எழுதிய செர்மாக், பிரிட்டிஷ் மியூசியத்தின் கனிமப் பிரிவுத் தலைவர் நெவில் ஸ்டோரி மாஸ்கெலினின் பெயரால் அதற்கு மாஸ்கெலினைட் என்று பெயரிட்டார். அது எப்படி உண்டாகிறது என்பது தெரிய 1963 வரை ஆயிற்று. மில்டன், டிகார்லி என்ற இருவர் சாதாரணப் பூமிப் பாறையை வெடிமருந்தால் அதிரவைத்து அதே பொருளை உண்டாக்கிக் காட்டினார்கள். அதிர்ச்சியில் பிளேஜியோகிளேஸ் படிகத்தின் உள்ளடுக்கு குலைந்து கண்ணாடியாகிவிடுகிறது. வெளியுருவம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஷெர்காட்டிக் கல் வாங்கிய அடி, நம் வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 3 லட்சம் மடங்கு.

அடி விழுந்த இடம் செவ்வாய். அண்டார்க்டிகாவில் 1979இல் எடுத்த இதே இனக் கல் ஒன்றின் கண்ணாடிக்குள் சிறைபட்டிருந்த வாயுவை 1983இல் அளந்தார்கள். செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் 1976இல் அளந்த காற்றோடு அது ஒத்துப்போனது. எரிமலைக் குழம்பு உறைந்து உருவான ஷெர்காட்டிக் கல், ஏதோ ஒரு மோதலில் அங்கிருந்து தெறித்து, 30 லட்சம் ஆண்டுபோல விண்வெளியில் அலைந்துவிட்டு பீகாருக்கு வந்திருக்கிறது. 2008இல் இதே கல்லிலிருந்து செய்ஃபர்ட்டைட் என்ற அடர்ந்த சிலிக்காவையும் விவரித்தார்கள். அதுவும் அடிபட்டுப் பிறந்ததுதான்.

ஒரு கல் விண்கல்தானா என்று சோதிக்கச் சேகரிப்பாளர்கள் காந்தத்தை அளவுக்கு மீறி நம்புகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். பெரும்பாலான விண்கற்களில் உலோக இரும்பு உண்டு, காந்தம் சட்டென்று ஒட்டும். செவ்வாய்க் கல்லில் அந்த இரும்பு இல்லை. ஆகவே செவ்வாய்க் கல் என்று யாராவது விலை சொன்னால் இரண்டு கேளுங்கள்: மெட்டியோரிட்டிக்கல் சொசைட்டியின் பட்டியலில் அதன் பதிவுப் பெயர், குறுக்கு முனைவாக்கியில் எடுத்த சீவல் படம். இரண்டும் இல்லையென்றால் வாங்காதீர்கள்.