எந்தக் கணத்தில் கெட்டான்: குற்றக் கதைகளும் தீர்ப்பு வழங்கும் பார்வையாளர்களும்

குற்றவாளி ஒருவனை நடுவில் நிறுத்திச் சொல்லப்படும் கதையைத் தவணை தவணையாகப் பின்தொடர்வதும், ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாட்களில் அவன் செய்தது தகுமா, எந்த இடத்தில் அவன் மீள முடியாத எல்லையைக் கடந்தான் என்று தமக்குள் வழக்காடுவதும் தொலைக்காட்சியோடு தோன்றிய பழக்கம் அன்று. 2008 முதல் 2013 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான 'பிரேக்கிங் பேட்' தொடரின் ரசிகர்களிடம் அப்பழக்கம் மிகக் கூர்மையான வடிவம் பெற்றது என்றாலும், அதன் வேர்கள் பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் நாடக அரங்குகள் வரை செல்கின்றன. இந்த நீண்ட காலம் முழுவதும் சமயத்தலைவர்களும் நீதிபதிகளும் தணிக்கையாளர்களும் இக்கதைகளைப் பார்ப்பவர் திருடராகிவிடுவாரா என்ற ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டனர். பார்ப்பவரின் பரிவு யாருக்குப் போகிறது, யார் அந்தப் பரிவுக்கு வெளியே தள்ளப்படுகிறார் என்ற கேள்வி மிகப் பிந்தியே கவனம் பெற்றது, ஆனால் இவ்வரலாற்றில் அதுவே கனமான கேள்வி.

1728 ஜனவரியில் லண்டன் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கில் ஜான் கே எழுதிய 'பிச்சைக்காரர் இசைநாடகம்' முதன்முதலாக மேடையேறியது. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் சிறையிலிருந்து பலமுறை தப்பி ஊரையே வியக்கவைத்துப் பின்னர் தூக்கிலிடப்பட்ட ஜாக் ஷெப்பர்ட் என்ற இளந்திருடனின் நினைவும், திருடரைக் காட்டிக்கொடுத்தும் திருட்டுப் பொருளில் ஆதாயம் பார்த்தும் வாழ்ந்து 1725இல் தூக்கிலேறிய ஜொனாதன் வைல்டின் நினைவும் மக்கள் மனத்தில் ஈரம் காயாதிருந்த காலம் அது. முதல் பருவத்திலேயே 62 முறை நடிக்கப்பட்ட அந்நாடகத்தின் நாயகன் மக்ஹீத் ஒரு வழிப்பறிக்காரன். இறுதிக் காட்சியில் அவன் தூக்கு மேடைக்குப் போகவேண்டியவன். ஆனால் நாடகத்திற்குள்ளேயே தோன்றும் ஆசிரியனும் நடிகனும் ஊராரின் ரசனைக்கு அது ஒவ்வாது என்று பேசி முடிவை மாற்றி அவனை விடுவித்துவிடுகிறார்கள். குற்றவாளிக்குத் தீர்ப்பு வழங்கும் உரிமை அரங்கில் அமர்ந்திருப்போருக்கே உரியது என்பதை ஜான் கே கதையின் உறுப்பாகவே ஆக்கிவிட்டார். தாமஸ் ஹெரிங் என்ற பாதிரியார் அதே ஆண்டில் இந்நாடகத்தைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார்; 1773இல் நீதிபதி ஜான் ஃபீல்டிங், இதை மேடையேற்ற வேண்டாம் என்று அரங்க நிர்வாகி டேவிட் கேரிக்கைக் கேட்டுக்கொண்டார். அந்நாடகத்தைப் பார்த்ததால் எவனும் வழிப்பறிக்காரன் ஆகியிருப்பான் என்று எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் நம்பவில்லை.

தவணை என்ற அமைப்பு இவ்வழக்காடலுக்கு வலுவூட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். உண்மைக் குற்றவாளிகளின் வாழ்க்கைச் சுருக்கங்களைத் தொகுத்து விற்கப்பட்ட நியூகேட் சிறைத் தொகுப்புகளிலிருந்து கருவெடுத்து எழுதப்பட்டமையால் 'நியூகேட் நாவல்கள்' என்று பெயர்பெற்ற புதினங்கள் 1830களில் பெருகின. எட்வர்ட் புல்வர் லிட்டனின் 'பால் கிளிஃபர்ட்' 1830இலும், அறிவாளியான கொலைகாரன் ஒருவனைப் பற்றிய அவருடைய 'யூஜின் ஆரம்' 1832இலும் வெளிவந்தன. 'பென்ட்லீஸ் மிசலனி' என்ற மாத இதழில் சார்லஸ் டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' 1837 முதல் 1839 வரை தொடராக வந்துகொண்டிருந்தபோதே, 1839 ஜனவரியில் அதே இதழில் வில்லியம் ஹாரிசன் ஐன்ஸ்வொர்த்தின் 'ஜாக் ஷெப்பர்ட்' தொடங்கியது. இரண்டுக்கும் படம் வரைந்தவர் ஜார்ஜ் குரூக்ஷாங்க். சில மாதங்கள் ஒரே உறைக்குள் இரு குற்றக் கதைகளை வாசித்த மக்களுக்கு ஒப்பிட்டுப் பேசுவதற்கு ஒவ்வொரு மாதமும் கால இடைவெளி கிடைத்தது. முழு நூலாகக் கைக்கு வரும் கதையின் முடிவை அறிந்தபின் நாயகனை மதிப்பிடுவது ஒன்று. முடிவு தெரியாத நிலையில், அவன் அடுத்து என்ன செய்வான், செய்யவேண்டும் என்று தீர்ப்பை ஒத்திவைத்தபடியே பேசிக்கொண்டிருப்பது முற்றிலும் வேறு.

1840 மே மாதத்தில் வில்லியம் ரஸ்ஸல் பிரபு தம் பணியாளன் பிரான்சுவா பெஞ்சமின் கோர்வோசியேயால் கொல்லப்பட்டபோது, அக்கொலைகாரனுக்கு 'ஜாக் ஷெப்பர்ட்' நூலே தூண்டுதல் என்ற செய்தி பரவியது. ஐன்ஸ்வொர்த் அதை மறுத்தார். நாடகங்களுக்கு உரிமம் வழங்கும் அரசவை அதிகாரியின் அலுவலகம் பின்னர் ஷெப்பர்ட் பெயரிலான புதிய நாடகங்களுக்கு அனுமதி மறுக்கத் தொடங்கியது. ஜூலை 6 அன்று நடந்த தூக்குத் தண்டனையைக் காணத் திரண்ட பெருங்கூட்டத்தில் நாவலாசிரியர் தாக்கரே இருந்தார், டிக்கன்ஸும் இருந்தார். தாம் கண்டதைக் கட்டுரையாக்கிய தாக்கரே, அதனுள்ளேயே 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் வரும் டிக்கன்ஸின் நான்சி பாத்திரம் உண்மைக்குப் புறம்பானது, இரக்கத்திற்காகப் பூசி மெழுகப்பட்டது என்ற குற்றச்சாட்டை வைத்தார். அந்நாவலின் 1841 பதிப்பின் முன்னுரையில் டிக்கன்ஸ், திருடர் கூட்டத்தில் வாழ்ந்தும் ஒரு சிறுவனைக் காப்பாற்ற உயிரை விடும் அந்தப் பெண் உண்மையானவளே என்று உறுதியாக எழுதினார். கொலையைப் பற்றிய விவாதமாகத் தொடங்கிய ஒன்று, ஒரு பெண் பாத்திரத்துக்கு வாசகரின் பரிவு சேரலாமா என்ற விவாதமாக அங்கே திரும்பியது. அன்று அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அமெரிக்கத் திரைப்படம் இக்கேள்விக்குச் சட்டத்தால் விடை காண முயன்றது. 'லிட்டில் சீசர்', 'தி பப்ளிக் எனிமி' ஆகிய இரண்டும் 1931இலும், ஹாவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ஸ்கார்ஃபேஸ்' 1932இலும் வந்தன. மூன்றிலும் கும்பல் தலைவன் வீழ்கிறான், ஆனால் வீழ்வதற்கு முன் அவனுடைய துணிச்சலும் உடையும் பேச்சும் திரையை நிறைக்கின்றன. 'ஸ்கார்ஃபேஸ்' படத்திற்கு நாட்டின் அவமானம் என்று பொருள்படும் துணைத்தலைப்பு சேர்க்கப்பட்டதோடு, நாயகன் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றுத் தூக்கிலிடப்படும் மாற்று முடிவொன்றும் படமாக்கப்பட்டது. 1930இல் திரைத்துறை தனக்கென ஏற்றுக்கொண்ட ஒழுக்க விதித்தொகுப்பு, பார்வையாளரின் பரிவு குற்றத்தின் பக்கம் சாயக்கூடாது என்று விதித்தது. 1934 முதல் ஜோசஃப் ப்ரீன் தலைமையில் அது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. கதையின் முடிவில் குற்றவாளிக்குக் கிடைக்கும் தண்டனையே ஒழுக்கத்தின் சான்றிதழாக ஏற்கப்பட்டமையால், பார்ப்பவர் தாமே எண்ணி முடிவுசெய்ய வேண்டியது எதுவும் மிஞ்சவில்லை. 1948இல் விமர்சகர் ராபர்ட் வார்ஷோ இந்த ஏற்பாட்டின் உள்ளீட்டைத் துல்லியமாகக் கண்டார்: மக்கள் கும்பல் தலைவனின் வன்முறையிலும் பங்கேற்கிறார்கள், பின்னர் அதே வன்முறை அவன்மேலேயே திரும்பும்போதும் மகிழ்கிறார்கள் என்பது அவருடைய வாதம். அவ்விதித்தொகுப்பு 1968இல் கைவிடப்பட்ட பின்பும், விளம்பரதாரரை நம்பியிருந்த தொலைக்காட்சி நெடுங்காலம் நல்லவர்களையே நாயகராக்கி வந்தது.

சந்தாதாரர் பணத்தால் இயங்கிய எச்பிஓ அலைவரிசையில் 1999 ஜனவரியில் தொடங்கிய 'தி சொப்ரானோஸ்' அந்தக் கட்டை அவிழ்த்தது. அதன் ஐந்தாம் அத்தியாயத்தில், மகளுக்குக் கல்லூரி பார்க்க மெய்ன் மாநிலத்திற்குச் செல்லும் நியூஜெர்சி மாஃபியா தலைவன் டோனி சொப்ரானோ, முன்பு தன் கூட்டத்தைக் காட்டிக்கொடுத்து அங்கே ஒளிந்து வாழும் ஒருவனைத் தற்செயலாகக் கண்டு, மகள் அறியாமல் தன் கையாலேயே கழுத்தை நெரித்துக் கொல்கிறான். மக்கள் டோனியை வெறுத்துவிடுவார்கள் என்று அலைவரிசை நிர்வாகம் அஞ்சியது; கொல்லாவிட்டால்தான் அவனை நம்பமாட்டார்கள் என்று தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் வாதிட்டார். சேஸ் சொன்னதே நடந்தது. எட்டாண்டுகள் கழித்து, 2007 ஜூன் 10 அன்று ஓர் உணவகக் காட்சியின் நடுவில் திரை கறுத்துத் தொடர் முடிந்தபோது, அவன் செத்தானா பிழைத்தானா என்று கொந்தளித்த பார்வையாளரைக் குறித்து, இத்தனை ஆண்டுகள் அவனுடைய கொலைகளை மகிழ்ச்சியோடு பார்த்தவர்கள் கடைசியில் மட்டும் நீதி கேட்பது ஏன் என்று சேஸ் வருந்திப் பேசினார். முடிவுக்கு முந்திய அத்தியாயத்திலேயே அவர் தம் விடையை வைத்துவிட்டிருந்தார் என்று கொள்ளலாம்: டோனிக்கு ஆண்டுக்கணக்கில் மனநல ஆலோசனை வழங்கிய டாக்டர் மெல்ஃபி, குற்ற மனம் கொண்டோர் இத்தகைய சிகிச்சையைத் தம் குற்றத்திற்கே துணையாக்கிக்கொள்கின்றனர் என்ற ஆய்வைப் படித்துவிட்டு அவனை வெளியேற்றிக் கதவை மூடுகிறாள்.

'பிரேக்கிங் பேட்' தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் வேறொரு வழியை எடுத்தார். டோனி தொடக்கத்திலேயே கெட்டவன். வால்ட்டர் வைட்டோ நியூமெக்சிகோ மாநில அல்புகர்க்கியில் வாழும் ஐம்பது வயது வேதியியல் ஆசிரியர், நுரையீரல் புற்றுநோய் கண்டபின் குடும்பத்திற்குப் பணம் சேர்க்க மெத்தாம்ஃபெட்டமின் என்னும் போதைப்பொருளைக் காய்ச்சத் தொடங்குகிறவர். மென்மையான பள்ளி ஆசிரியரைக் கும்பல் தலைவனாக மாற்றுவதே திட்டம் என்று கில்லிகன் வெளிப்படையாகச் சொல்லியிருந்தமையால், வீழ்வானா என்பதை விட்டுவிட்டு, எந்தக் கணத்தில் வீழ்ந்தான் என்பதே 62 அத்தியாயங்களுக்கும் விவாதப்பொருளாயிற்று. ஒரு சாரார், முதல் பருவத்தின் ஐந்தாம் அத்தியாயத்திலேயே, பழைய நண்பர் எலியட் சிகிச்சைச் செலவை ஏற்க முன்வந்தும் கர்வத்தால் வால்ட்டர் மறுத்தபோதே வழக்கு முடிந்துவிட்டது என்றனர். மற்றொரு சாரார் 2009இல் வந்த ஒரு காட்சியைச் சுட்டினர்: போதையில் மயங்கிக் கிடக்கும் கூட்டாளி ஜெஸ்ஸியை எழுப்ப அவர் உலுக்கியதில் அருகில் படுத்திருந்த ஜெஸ்ஸியின் காதலி ஜேன் மல்லாந்துவிடுகிறாள், வாந்தி அடைத்து மூச்சுத் திணறுகிறாள், காப்பாற்றக்கூடிய தொலைவில் நிற்கும் அவர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். செய்த செயலுக்கும் செய்யாமல் விட்டதற்கும் பொறுப்பு ஒன்றா என்ற பழைய அறவியல் வினாவை, தத்துவ நூலைத் தொட்டும் பாராதவர்கள் இக்காட்சியை வைத்து நுணுக்கமாக ஆராய்ந்தனர். வால்ட்டரே அவளைக் கொல்வதாக முதலில் எண்ணிய கில்லிகன், சக எழுத்தாளரும் அலைவரிசையினரும் தடுத்ததால் அதை மென்மையாக்கினார் என்பது அந்த எல்லைக்கோடு எவ்வளவு கவனமாக வரையப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

திரைப்பட ஆய்வாளர் மர்ரே ஸ்மித் 1995இல் வகுத்த ஒரு பாகுபாடு இங்கே உதவுகிறது: கதை நம்மை யாருக்கு அருகில் வைத்து அவர் அறிவதையும் உணர்வதையும் காட்டுகிறது என்பது ஒன்று, நாம் யாரை ஒழுக்க அளவில் ஏற்கிறோம் என்பது மற்றொன்று, முன்னதை அண்மை என்றும் பின்னதைச் சார்பு என்றும் சொல்லலாம். நீண்ட தொடரில் அண்மை சார்பாக மெல்ல உருமாறிவிடுகிறது. தொலைக்காட்சி ஆய்வாளர் ஜேசன் மிட்டெல் காட்டியதுபோல, கதையில் நாயகனைவிடக் கொடியவர்களை அடுத்தடுத்துக் கொண்டுவந்தால் ஒப்பீட்டில் அவன் தேறிவிடுகிறான். வால்ட்டருக்குப் போதைப்பொருள் வணிகர்களான டூக்கோவும் கஸ் ஃப்ரிங்கும், ஜாக்கின் நவநாஜிக் கும்பலும் அப்பணியைச் செய்தனர். ஆனால் அவருடைய மனைவி ஸ்கைலரோ கொடியவள் அல்லள். கணவனின் பொய்யைக் கண்டுபிடித்தாள், தடுத்தாள், பிள்ளைகளை அவனிடமிருந்து விலக்க முயன்றாள். கதை எவனுக்கு அருகில் நம்மை அமர்த்தியதோ அவனுடைய வழியில் குறுக்கே நின்றாள் என்பதே அவள்மீது சுமத்தப்பட்ட குற்றம். கொலையும் குழந்தைக்கு நஞ்சூட்டலும் மன்னிக்கப்பட, சந்தேகப்பட்டதற்காக ஒரு பெண் பாத்திரம் மீது பொழியப்பட்ட வெறுப்பு அப்பாத்திரத்தை நடித்த அன்னா கன் மீதும் பாய்ந்தது. 2013 ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் அவர் எழுதிய கட்டுரை, தமக்கு வந்த மிரட்டலையும், தம் கடமையைச் செய்யும் மனைவி ஏன் இத்தனை வெறுக்கப்படுகிறாள் என்ற வினாவையும் பதிவு செய்தது. கில்லிகனும் அவ்வெறுப்பைப் பெண்வெறுப்பு என்றே சொன்னார்.

சில வாரங்களுக்குப் பின், செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில், காவல்துறையினர் கேட்டுக்கொண்டிருக்கையில் வால்ட்டர் தொலைபேசியில் ஸ்கைலரை மிகக் கேவலமாக ஏசுகிறார். அவளுக்குக் குற்றத்தில் பங்கில்லை என்று காட்டிக் காப்பாற்றவே அவ்வாறு நடித்தார் என்று ஒரு தரப்பும், நெஞ்சில் இருந்ததே வாயில் வந்தது என்று மறு தரப்பும் வாதிட்டன. விமர்சகர் எமிலி நுஸ்பாம், தொடரின் நோக்கத்திற்கு எதிராக நாயகனைக் கொண்டாடும் ரசிகரைக் 'கெட்ட ரசிகர்' என்று அழைத்து, 1971இல் தொடங்கிய 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற நகைச்சுவைத் தொடரில் இனவெறி பேசும் ஆர்ச்சி பங்கரைத் தங்கள் பேச்சாளராகவே ஏற்ற பார்வையாளர்வரை அவர்களின் மரபைக் கண்டறிந்தார். இரு தரப்பு விளக்கங்களும் ஒரே காட்சியில் உண்மையாக இருக்கலாம் என்பதே பொருத்தமான வாசிப்பு; ஸ்கைலரைப் பற்றி ரசிகர் பலர் சொல்லிவந்த சொற்களை வால்ட்டரின் வாயில் வைத்தபோது அவை எப்படி ஒலிக்கின்றன என்பதை அவர்களே கேட்க நேர்ந்தது. இறுதி அத்தியாயத்தில், குடும்பத்துக்காக அன்று, தனக்காகவே இதையெல்லாம் செய்தேன் என்று அவர் ஒப்புக்கொள்வதும் ஸ்கைலரிடம்தான்.

அதே உலகில் நிகழும் முன்கதையாக 2015 முதல் 2022 வரை வந்த 'பெட்டர் கால் சால்' தொடரில் நிலைமை மாறியிருந்தது. வக்கீல் ஜிம்மியின் சரிவில் அவனுடைய காதலியும் சக வக்கீலுமான கிம் வெக்ஸ்லர் தடுப்பவளாக மட்டும் இல்லாமல் பங்காளியாகவும் இருந்தாள். ரசிகர் அவளுக்காகவே ஆண்டுக்கணக்கில் அஞ்சினர். 2022 ஆகஸ்டில் வந்த முடிவில், ஏழாண்டுச் சிறையோடு தப்பும் பேரத்தைக் கைப்பிடியில் வைத்திருந்த ஜிம்மி, கிம் கேட்கும்படி நீதிமன்றத்தில் தன் குற்றங்களைத் தானே முழுமையாகச் சொல்லி 86 ஆண்டுச் சிறைத்தண்டனையை ஏற்கிறான். அது மனந்திருந்தலா, அவளுடைய மதிப்பை மீட்க அவன் ஆடிய கடைசி ஆட்டமா என்ற வாதம் அன்றிரவே தொடங்கியது.