அச்செழுத்தைப் பேச வைத்த பொறிகள்

உங்களுக்கு ஒரு கடிதம் வருகிறது. அதை வேறொருவரிடம் கொடுத்துத்தான் படித்தறிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கடன் விவரமோ நோயின் பெயரோ உங்களுக்கு முன்பாக அவருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? பார்வையற்றோரின் நிலை நெடுங்காலம் இதுவே. பிரெயில் முறை அவர்களுக்குப் பெருந்துணைதான். ஆனால் அச்சாகும் நூல்களுள் மிகச் சிலவே பிரெயிலில் கிடைக்கின்றன. ஆகவே, அச்செழுத்தையே நேராகப் படிக்கும் பொறி ஒன்றை அறிஞர்கள் தேடலாயினர்.

ஒளி பட்டால் மின்சாரத்தை எளிதில் கடத்தும் தனிமம் செலினியம். இப்பண்பைக் கொண்டு, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஃபூர்னியே டால்பே என்பவர் 1912-ஆம் ஆண்டு வாக்கில் 'ஆப்டோஃபோன்' கருவியை உருவாக்க முற்பட்டார். எழுத்தின் வடிவத்துக்கேற்ப அது இசைச் சுரங்களை எழுப்பும். கேட்பவர் அவற்றிலிருந்து எழுத்தை அறிய வேண்டும். 1918-இல் மேரி ஜேம்சன் என்ற பார்வையற்ற பெண்மணி இதனைப் பலர் முன்னிலையில் இயக்கிப் படித்தார். வேகம் எவ்வளவு தெரியுமா? நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு சொல்! நீண்ட பயிற்சிக்குப்பின் அவர் 60 சொற்கள் வரை படித்தார். அத்தகைய பயிற்சி எல்லோருக்கும் கைவரவில்லை.

அடுத்த பெரும் முயற்சி அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் லின்வில், பார்வையற்ற தம் மகளை எண்ணி வடிவமைத்த கருவி 'ஆப்டகான்'. 1970-களில் இது விற்பனைக்கு வந்தது. ஒரு கையால் சிறு காமிராவை வரிமேல் நகர்த்தினால், மறுகைச் சுட்டுவிரலின் கீழ் 144 நுண்கம்பிகள் அந்த எழுத்தின் வடிவிலேயே அதிரும். எடுத்துச் செல்லத்தக்க கருவிதான். விலையோ பல்லாயிரம் ரூபாய்க்குச் சமமான டாலர்கள்! 1996-இல் இதன் உற்பத்தி நின்றது.

எழுத்தை அறியும் வேலையையும் பொறியிடமே ஒப்படைத்தவர் ரே கர்ஸ்வைல். 1976-இல் அவர் வெளியிட்ட பொறி பக்கத்தைப் படமெடுத்து, எழுத்துகளை இனங்கண்டு, ஆங்கிலத்தில் உரக்கப் படித்தது. பாடகர் ஸ்டீவி வொண்டர் அதனை வாங்கினார். ஏறத்தாழ 50,000 டாலர் கொடுக்கச் சாமானியரால் இயலுமா? கையில் எடுத்துச் செல்லவும் இயலாது.

ஏன் இவ்வளவு விலை? படமெடுக்கும் பகுதி, கணிப்பொறி, குரல் எழுப்பும் பகுதி ஆகிய மூன்றுமே அந்நாளில் அரியவை. அவற்றை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த செலவு முழுவதும், வாங்கிய சிலரின் தலையில் விழுந்தது.

இனி விலை இறங்கிய வரலாற்றைப் பாருங்கள். 2006-இல் கர்ஸ்வைலும் அமெரிக்கப் பார்வையற்றோர் கூட்டமைப்பும் வெளியிட்ட கையடக்கக் கருவி 3,495 டாலர். 2014-இல் அதே வேலையை ஐஃபோனில் செய்த செயலி ஏறத்தாழ 100 டாலர். 2017-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'சீயிங் ஏஐ' செயலி இலவசமாகவே வந்தது!

இந்த மாற்றத்தின் காரணம் எளியது. காமிராவும் கணிப்பொறியும் குரலும் பார்வையுள்ளோர் விரும்பி வாங்கிய கைப்பேசிக்குள் புகுந்துவிட்டன. கோடிக்கணக்கானோர் அவற்றின் செலவைப் பகிர்ந்துகொண்டனர். மென்பொருளை ஒருமுறை எழுதிவிட்டால் படியெடுக்கச் செலவு மிகக் குறைவு.

எனினும் வேலை முடிந்துவிடவில்லை. செயலி இலவசமானாலும் கைப்பேசிக்கு விலையுண்டு. ஆப்டகானில் எழுத்தை அறிந்தது மனித மூளை. ஆகவே எம்மொழியும் அதற்கு ஒன்றே. இன்றைய பொறிக்கோ ஒவ்வொரு மொழியையும் கற்பிக்க வேண்டும். 'டெசராக்ட்' என்னும் திறந்த மென்பொருள் தமிழ் அச்சையும் படிக்கிறது. ஆயினும் மங்கிய அச்சிலும் கையெழுத்திலும் தடுமாறுகிறது. தன் கடிதத்தைத் தானே முதலில் படிக்கும் உரிமை தமிழ் படிப்பவருக்கும் முழுமையாகக் கிட்ட, இக்குறை தீர வேண்டும்.