பையை மேல தூக்காதீங்க

தாத்தாவை ஸ்கேனுக்கு வீல்சேரில் தள்ளிக்கொண்டு போனேன். தரையில் உரசுதே என்று யூரின் பையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். நர்ஸ் அக்கா ஓடி வந்தார். "தம்பி, பையை மேல தூக்காதீங்க. மூத்திரம் திரும்ப உள்ள போயிடும்." அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு பேரின் சாவு இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

சிறுநீர் அடைத்தால் குழாய் விட்டு எடுப்பது மிகப் பழைய வைத்தியம். 1752-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், கல்லடைப்பால் தவித்த அண்ணன் ஜானுக்காக, வளையக்கூடிய வெள்ளிக் குழாய் ஒன்றைச் செய்யச் சொல்லி அனுப்பினார். நாம் இன்று பார்க்கும் குழாய் 1930-களில் வந்தது. நுனியில் ஒரு பலூன். உள்ளே போனதும் அதில் நீரை ஏற்றினால் நழுவாது. அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலியின் யோசனை. காப்புரிமை வேறொருவருக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் இவருடையதாக நின்றது.

வசதி வந்தது, கூடவே வினையும். குழாயின் மறுமுனை கட்டிலுக்கடியில் ஒரு திறந்த பாட்டிலில் கிடக்கும். கிருமிகள் அந்த வழியாகவே மேலேறும். நான்கே நாளில் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். 1958-இல் பால் பீசன் என்ற மருத்துவர் கதீட்டருக்கு எதிராகவே ஒரு தலையங்கம் எழுதினார். 1966-இல் கால்வின் குனினும் மெக்கார்மக்கும், குழாயையும் பையையும் திறக்காமல் ஒரே மூடிய வழியாக வைத்தால் தொற்று வெகுவாகத் தள்ளிப்போகிறது என்று காட்டினார்கள். நான் மடியில் தூக்கி வைத்தது அந்தப் பையைத்தான்.

இன்னொரு கதை இங்கிலாந்தில். முதல் உலகப் போரில் முதுகுத்தண்டு அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோரைக் கொன்றது குண்டு இல்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூத மருத்துவர், குழாயை உள்ளேயே விட்டுவைக்க மறுத்தார். வேளாவேளைக்குச் சுத்தமாகச் செருகி, சிறுநீரை எடுத்து, உருவிவிட வேண்டும். பிழைத்தவர்கள் 1948-இல் அதே மருத்துவமனைப் புல்வெளியில் வில்லெடுத்துப் போட்டியிட்டார்கள். பாராலிம்பிக்ஸ் அங்கே தொடங்கியது.

1972-இல் மிச்சிகனின் ஜாக் லேப்பிடஸ் அதையும் தாண்டிப் போனார். கிருமிநீக்கிய கையுறையெல்லாம் வேண்டாம், கையைக் கழுவிக்கொண்டு நோயாளியே செய்துகொள்ளட்டும் என்றார். உப்பிப்போய் ரத்த ஓட்டம் குறைந்த சிறுநீர்ப்பைதான் தொற்றுக்கு இடம் கொடுக்கிறது, அதை அடிக்கடி காலி செய்வதே முக்கியம் என்பது அவர் வாதம். பலர் நம்பவில்லை. இன்று உலகம் முழுக்க அந்த முறை இருக்கிறது.

பிறகு தெரிந்தது இன்னொன்று. குழாயின் சுவரில் கிருமிகள் பாசி மாதிரி படலம் கட்டிக்கொள்ளும். அதற்குள் மருந்து சரியாக எட்டாது. அதனால்தான் தொற்று வந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்த குழாயை மாற்றி, புதுக் குழாயிலிருந்து சிறுநீர் எடுத்துப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். காய்ச்சலோ வேறு தொந்தரவோ இல்லாமல் சிறுநீரில் கிருமி தெரிந்தால் மட்டும், பெரும்பாலோருக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும்.

தாத்தாவின் பையில் யூரின் கலங்கலாகத் தெரிந்த அன்று சித்தப்பா டாக்டரிடம், "ஏதாவது ஸ்ட்ராங்கா எழுதிக் கொடுங்க சார்" என்றார். டாக்டர் காய்ச்சல் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். எதுவும் எழுதவில்லை. "இந்த டியூப் இவருக்கு இன்னும் வேணுமா? அதைத்தான் தினமும் கேக்கணும்" என்றார்.

மறுநாள் காலை எடுத்துவிட்டார்கள். தாத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு, தானே பாத்ரூமுக்கு நடந்து போனார்.