ராஜவீதியிலிருந்து நடைபாதைக்கு: திருவனந்தபுரம் வட்டாரத்தில் நடப்போர் வழிகளின் வரலாறு

ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், திருவனந்தபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதை சில மணி நேரம் மூடப்படுகிறது. பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் மேற்குக் கோட்டை வாசல் வழியாகப் புறப்பட்டு, வள்ளக்கடவு கடந்து, ஓடுபாதையின் மேலேயே நடந்து சங்குமுகம் கடற்கரையை அடைகிறது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்தவர் உடைவாளுடன் நடந்து வருவார். விமான நிலையம் 1932-ல் வந்தது. ஊர்வலப் பாதை அதற்கு மிக முந்தியது. பாதையை மாற்றவில்லை, விமானங்களின் நேரத்தை மாற்றினார்கள். அதே நகரில் கிழக்கேகோட்டையில் பேருந்து பிடிக்கச் சாலையைக் கடக்கும் ஒரு சாதாரண ஆளுக்காக எந்த வாகனமும் நிற்பதில்லை.

இந்த வேறுபாட்டைப் பக்தி என்றோ ஒழுங்கீனம் என்றோ சொல்லிக் கடந்துவிடலாம். இக்கட்டுரை அதை ஒரு நீண்ட வரலாற்றின் எச்சமாகப் பார்க்கிறது. திருவனந்தபுரம் வட்டாரத்தில் நடப்பதற்கான வசதியும் நடப்பதற்கான உரிமையும் ஒரே காலத்தில் ஒரே ஆளுக்குக் கிடைத்ததில்லை. வசதி இருந்த நாளில் பெரும்பாலோருக்கு உரிமை இல்லை. உரிமை வந்து சேர்ந்தபோது வசதி கழன்றுகொண்டிருந்தது.

ஒரு நாள் நடை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை திருவிதாங்கூரில் வண்டிச்சாலை மிகக் குறைவு. 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் ஆகிய ஆங்கிலேய அதிகாரிகள் நடத்திய நில அளவையில் பதிவான வழிகளில் பெரும்பாலானவை கால்நடையாகவோ பல்லக்கிலோ போகத்தக்கவை. சரக்கு காயல் வழியாகப் படகில் போயிற்று, இல்லையேல் தலைச்சுமையாகப் போயிற்று. ஆகவே வழியின் அலகு ஒரு மனிதன் சுமையோடு ஒரு நாளில் நடக்கும் தொலைவு. வழியம்பலம், கிணறு, கல்தொட்டி, ஆலமரம், சுமைதாங்கி எல்லாம் அந்த அலகுக்கு ஏற்ப அமைந்தன.

சுமைதாங்கியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இரண்டு கல்தூண்கள், அவற்றின் மேல் குறுக்காக ஒரு கல். உயரம் ஏறத்தாழத் தோள் மட்டம். தலையில் மூட்டையோடு வருபவர் பிறர் கை உதவியின்றி அதைக் குறுக்குக்கல்லின் மேல் சரித்து வைக்கலாம், இளைப்பாறிய பின் அப்படியே மீண்டும் தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். மூட்டையைத் தரையில் இறக்கினால் திரும்பத் தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். தனியாக நடப்பவரின் உடலை அளந்து செய்த கட்டுமானம் இது. தென்தமிழ்நாட்டில் கர்ப்பத்தோடு இறந்த பெண்களின் நினைவாக இவற்றை நாட்டினார்கள். கேரளத்தில் அத்தாணி என்றும் சுமடுதாங்கி என்றும் சொல்வார்கள். இன்று நெய்யாற்றின்கரையிலிருந்து நாகர்கோவில் வரை மிச்சமிருப்பவற்றில் பல, தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்ததால் இடுப்பளவுக்குக் குறுகிவிட்டன.

இந்தப் பழைய அளவு ஒரு சடங்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பின், பத்மநாபபுரம் அரண்மனைச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் வருகிறார்கள். சுமார் 50 கிலோமீட்டர் வழி. முதல் இரவு குழித்துறை, அடுத்த இரவு நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் கரமனை வழியாக நகருக்குள். ஒரு நாள் நடை என்பது 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதை இந்தத் தங்கல்களே காட்டிவிடுகின்றன. எல்லையான களியக்காவிளையில் இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செய்து கைமாற்றிக்கொள்கிறார்கள்.

ஆனால் இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக எழுதுவது பெரும் பிழை. வழியோரத்து ஊட்டுப்புரைகள் பிராமணப் பயணிகளுக்கு இலவசமாகச் சோறிட்டன. வழியைச் செப்பனிட்டவர்களும் அரசுச் சுமையைத் தூக்கியவர்களும் கூலியில்லா ஊழியம் செய்த ஒடுக்கப்பட்ட சாதியினர். இன்ன சாதியார் இன்னாரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்ற கணக்கு இருந்ததால், எதிரே ஆள் வந்தால் வழியிலிருந்து வயலில் இறங்க வேண்டியவர்களும் அவர்கள்தான். சுமைதாங்கிக்குக் கல் சுமந்தவர் அதன் நிழலில் நிற்க முடியாது.

வீதி யாருடையது

1857-ல் திவானான மாதவராவின் காலத்தில் பொதுப்பணித்துறை வலுப்பெற்றது. வண்டிச்சாலைகள் நீண்டன. திருவனந்தபுரத்தை அங்கமாலியோடு இணைக்கும் மெயின் சென்ட்ரல் ரோடு, இன்றைய எம்.சி. ரோடு, அந்தத் தலைமுறையின் முயற்சியில் உருவானது. சாலை அரசின் பணத்தில் அமைந்ததால் அதில் யார் நடக்கலாம் என்பது முதன்முறையாகச் சட்டக் கேள்வியாயிற்று. 1865-ல் பொதுச்சாலைகள் எல்லாச் சாதிக்கும் பொது என்று அரசு அறிவித்தது. 1884-ல் மறுபடியும் அறிவித்தது. ஒரே உத்தரவை இருமுறை போட வேண்டியிருந்ததே நிலைமையைச் சொல்லும். பின்னர் நீதிமன்றம் ராஜவீதி வேறு, கிராமவீதி வேறு என்று பிரித்து, அறிவிப்பு ராஜவீதிக்கே பொருந்தும் என்றது. கோயிலைச் சுற்றிய தெருக்கள் இப்படி விடுபட்டன. பட்டியலில் சாலைக்கு என்ன பெயர் என்பதைப் பொறுத்து உரிமை அமையும் வழக்கம் இங்கே தொடங்குகிறது. இன்றைய சாலைத் திட்டங்களிலும் அதன் வாடை உண்டு.

வெங்ஙானூரில் 1863-ல் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த அய்யன்காளி 1893-ல் வில்வண்டி ஒன்றை வாங்கி, தலைப்பாகையும் வெள்ளை வேட்டியும் அணிந்து பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய ஆட்கள் கூட்டமாக நடந்து போனபோது பாலராமபுரம் சாலியத் தெருவில் மோதல் வெடித்து சுற்றுவட்டாரத்துக்குப் பரவியது. அந்தத் தெருவின் நெசவாளர்கள் தமிழகத்திலிருந்து குடியேற்றப்பட்டவர்கள். தமிழ் வாசகர் இதை அயல்நாட்டுக் கதையாகப் படித்துவிட முடியாது. வண்டியில் போனதற்கும் நடந்து போனதற்கும் பின்னாலிருந்த கோரிக்கை ஒன்றுதான்: சாலையின் நடுவே, எதிரே வருபவருக்காக ஒதுங்காமல் போவது.

1924 மார்ச் 30-ல் தொடங்கிய வைக்கம் சத்தியாகிரகம் கோயில் நுழைவுப் போராட்டமாகவே பலர் நினைவில் இருக்கிறது. அதன் கோரிக்கை கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடக்கும் உரிமை. சிறை சென்ற பெரியார் ஈ.வெ.ரா. அதே ஆண்டில் திருவனந்தபுரம் மத்திய சிறையிலும் அடைபட்டார். 1924 நவம்பர் 1-ல் மன்னத்து பத்மநாபன் தலைமையில் வைக்கத்திலிருந்து சவர்ணர் ஜாதா ஒன்று, அதாவது மேல்சாதியினரின் நடைப்பயணம், புறப்பட்டது. தெற்கே கோட்டாறிலிருந்து டாக்டர் எம்பெருமாள் நாயுடு தலைமையில் இன்னொன்று. இரண்டும் நவம்பர் 12-ல் தலைநகரை அடைந்தன. 25,000 பேர் கையெழுத்திட்ட மனு மகாராணி ரீஜெண்ட் சேது லட்சுமி பாயிடம் கொடுக்கப்பட்டது. நடக்க அனுமதிக்கப்பட்டவர்கள், நடக்க அனுமதிக்கப்படாதவர்களுக்காக நாட்டின் இரு முனையிலிருந்தும் நடந்து வந்த நிகழ்ச்சி இது. 1925 பிப்ரவரியில் சட்டசபையில் என். குமாரன் கொண்டுவந்த தீர்மானம் 21-க்கு 22 என ஒரே வாக்கில் தோற்றது. நவம்பரில் வந்த சமரசத்தில் மூன்று வீதிகள் திறந்தன, கிழக்கு வீதி மூடியே கிடந்தது. அதற்கும் 1936 நவம்பர் 12-ன் கோயில் நுழைவுப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சிமெண்டு ரோடு

1936-க்கு அடுத்து என்ன நடந்தது என்பதைச் சமூக வரலாற்று நூல்கள் கண்டுகொள்வதில்லை, போக்குவரத்து வரலாற்று நூல்களோ 1936-ஐக் கண்டுகொள்வதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பிரகடனம் வந்து பதினைந்து மாதத்தில், 1938 பிப்ரவரி 20-ல், திருவிதாங்கூர் அரசுப் பேருந்துச் சேவை தொடங்கியது. திருவனந்தபுரம்–கன்னியாகுமரி சாலைக்கு அதே காலத்தில் சிமெண்டு போட்டார்கள். நாஞ்சில்நாட்டு முதியவர்கள் பேச்சில் அது நெடுங்காலம் சிமெண்டு ரோடாகவே இருந்தது. சமீபத்தில் முக்கோலை–காரோடு புறவழிச்சாலையை கேரளத்தின் முதல் கான்கிரீட் தேசிய நெடுஞ்சாலை என்று பெருமையாகப் பேசினார்கள். தாத்தா காலத்துச் சாலையை மறந்தால்தான் இப்படிப் பேச முடியும்.

பேருந்து சாதி பார்க்காமல் ஏற்றியது. அது பெரிய விடுதலை, சந்தேகமில்லை. ஆனால் அதே பேருந்து வழியம்பலத்தைத் தேவையற்றதாக்கியது, சாலையின் நடுவைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. அய்யன்காளியின் மக்கள் நாற்பதாண்டு போராடிப் பெற்ற சாலை நடுவிலிருந்து எல்லா நடையரும் சாதி வேறுபாடின்றி ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

இடவழிகள்

சாலையைத் தவிர இன்னொரு வலையும் இருந்தது. கேரளத்து ஊர்கள் கொத்தாக அமைவதில்லை, வீடுகள் தோட்டந்தோட்டமாகப் பரந்து கிடக்கும். அவற்றை இணைத்தவை இடவழிகள். இரு பக்கமும் கய்யாலை எனும் மண்மதில், நடுவில் ஓராள் அல்லது ஈராள் நடக்கும் அகலம், மழைக்காலத்தில் அதுவே ஓடை. நகரின் பழைய பகுதிகளில் அப்படிப்பட்ட சில இன்னும் உண்டு.

இவை அழிந்தது பெரிய திட்டங்களால் அல்ல. 1996-ல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் கீழ் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போயிற்று. கிராமசபைகளில் மக்கள் கேட்டது சாலை. வீட்டுவாசல் வரை ஆட்டோ வர வேண்டும், நோயாளியை ஏற்ற வேண்டும் என்ற நியாயமான ஆசை. மதிலை உள்ளே தள்ளி நிலத்தை இலவசமாக விட்டுக்கொடுத்து, இடவழியைக் கான்கிரீட் ஆக்கினார்கள். இந்தியாவில் பரவலாக்கத் திட்டமிடலுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் முயற்சியே நடைவழி வலையைப் பெருமளவு வாகனவழி ஆக்கியது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இதற்காக அந்த மக்களைக் குறைசொல்வது நகரத்துக் கார்க்காரரின் சொகுசு.

ஓடையின் மூடி

நகரத்தில் நடைபாதை என்று நாம் காண்பது பெரும்பாலும் மழைநீர் ஓடையின் மூடி. ஓடையைச் சுத்தம் செய்யப் பலகையைத் தூக்குவார்கள், திரும்ப வைக்கும்போது ஒரு மூலை எழும்பி நிற்கும். அடுத்த வீட்டு வாசலில் கார் ஏறுவதற்காகப் பாதை சரிந்து இறங்கும். 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும், ஓரக்கல் 15 செண்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டி சொல்கிறது. மின்கம்பத்தையும் மின்மாற்றியையும் தட்டுக்கடையையும் கழித்துப் பார்த்தால் அந்த 1.8 பல இடங்களில் கிடைக்காது.

இத்தனைக்கும் போக்குவரத்து ஆய்வுக்கான நாட்பாக் நிறுவனம் 1976 முதல் இந்நகரிலேயே இருக்கிறது. 2004-ல் கையெழுத்தான நகரச் சாலை மேம்பாட்டுத் திட்டம் சுமார் 42 கிலோமீட்டர் சாலையை எடுத்துக்கொண்டது. நடைபாதைக்குத் தரை ஓடுகளும் கைப்பிடிக் கம்பியும் கிடைத்தன. அந்தத் திட்டச் சாலையையும் பக்கத்துச் சாலையையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ஆனால் பட்டியலில் இடம்பெற்ற சாலை முடியும் இடத்தில் நடைபாதையும் முடிந்துவிடும். ராஜவீதிக்கும் கிராமவீதிக்கும் இடையே நீதிமன்றம் போட்ட கோடு இங்கே நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

கிழக்கேகோட்டையில் 2022-ல் 104 மீட்டர் நீளத்தில் நடைமேம்பாலம் திறந்தார்கள். மின்தூக்கியும் உண்டு. அது நடப்போருக்கான வசதி என்று எழுதப்படுகிறது. நடப்பவரைத் தரையிலிருந்து அப்புறப்படுத்தி வாகனத்துக்குத் தந்த வசதி என்று எழுதுவதே சரியாக இருக்கும். வெள்ளையம்பலம் அருகே மானவீயம் வீதி வேறு வகை. சுமார் 200 மீட்டர்தான். 2001 முதல் பாட்டும் நாடகமும் ஓவியமுமாக மக்கள் கைப்பற்றிய தெரு அது, பின்னரே அரசு செப்பனிட்டது. இரவிலும் பெண்கள் நின்று பேசும் தெரு என்பதே அதன் பெருமை. தலைமைச் செயலகத்துக்கு முன்னுள்ள நடைபாதையோ நடப்பதற்கு உதவுவதைவிட, மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடுவதற்கே அதிகம் உதவியிருக்கிறது. அதையும் நடைபாதையின் பயன்களில் சேர்த்துக்கொள்ளலாம்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்றது. 1865, 1884 அறிவிப்புகளின் வரிசையில் வைத்துப் படிக்க வேண்டிய தீர்ப்பு.

எல்லைக் கோடு

நகரத்துக்கு வெளியே யார் நடக்கலாம் என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு போனக்காட்டிலிருந்து வனத்துறை ஆண்டின் முதல் மாதங்களில் மலையேற்றம் நடத்துகிறது. பெண்களுக்கு அனுமதி கிடைத்தது 2018-ன் இறுதியில் கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான். 2019 ஜனவரியில் பெண்கள் ஏறினார்கள். தங்கள் புனித மலை அது என்று காணிப் பழங்குடியினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சாதித் தடையை உடைத்ததைப் போல இதை நேர்கோட்டில் எழுத முடியாது. ஒரு பக்கம் பெண்களின் உரிமை, மறுபக்கம் அந்தக் காட்டில் முதலில் நடந்தவர்களின் உரிமை.

வட்டார அளவில் இன்று பேசப்படும் பெரிய முயற்சி, பூவாறிலிருந்து காசர்கோட்டின் குஞ்சத்தூர் வரை 623 கிலோமீட்டர் நீளும் கடற்கரை நெடுஞ்சாலை. 15.6 மீட்டர் அகல வடிவமைப்பில் மிதிவண்டித் தடமும் அடங்கும். வீடு இழக்கவிருக்கும் மீனவக் குடும்பங்கள் எதிர்க்கின்றன. அவர்களில் மிதிவண்டியில் மீன் விற்றுப் பிழைப்பவர்களும் உண்டு. சுற்றுலாப் பயணியின் தடத்துக்காக அவர்கள் வீட்டை எடுப்பது என்ன கணக்கு என்று திட்டக்காரர்கள் விளக்க வேண்டும்.

இன்னொரு இடைவெளி தெற்கே. பத்மநாபபுரமும் கோட்டாறும் சுசீந்திரமும் திருவனந்தபுரத்தோடு சேர்ந்த ஒரே நடைவட்டாரமாக இருந்தவை. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தமிழர் போராடிப் பெற்ற எல்லை அது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திட்ட வரைபடங்களும் அந்தக் கோட்டோடு நின்றுவிட்டன. மிதிவண்டித் தடம் பூவாறில் தொடங்கும். அதற்குத் தெற்கே நெய்யாற்றுக் கழிமுகம், பொழியூர், அடுத்த ஊரான நீரோடி தமிழ்நாடு. இரண்டு ஊருக்கும் இடையே ஒவ்வொரு நாளும் ஆட்கள் நடந்து போகிறார்கள். நெய்யாற்றுத் தண்ணீருக்காக உச்ச நீதிமன்றம் வரை போன இரு அரசுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து வரைய வேண்டிய முதல் சில கிலோமீட்டர் இந்த இடம்தான்.