லலிதாவுக்கு யார் கையெழுத்துப் போட்டார்கள்?

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்கு வேலை தேடிப் போகும் பையனிடம் முதலில் மார்க் ஷீட்டைக் கேட்க மாட்டார்கள். "யார்கிட்ட தொழில் பழகுன?" என்றுதான் கேட்பார்கள். நல்ல மேஸ்திரியின் பெயரைச் சொன்னால் பாதி வேலை கிடைத்த மாதிரி. எருமப்பட்டியில் காலையில் பஸ் ஏறி இன்ஜினியரிங் காலேஜுக்குப் போகும் மாணவர்களுக்கு இது படிக்காதவர்களின் வழக்கமாகத் தோன்றலாம். ஆனால் இன்ஜினியர் என்ற தொழிலுக்கு அங்கீகாரம் வந்த வரலாற்றைப் பார்த்தால் அதுவும் ஏறக்குறைய இதே கதைதான்!

1818 ஜனவரி 2-ம் தேதி, லண்டன் ஃப்ளீட் தெருவில் கெண்டல் காபிக் கடை என்ற இடத்தில் சில இளைஞர்கள் கூடி சிவில் இன்ஜினியர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். முன்னால் நின்ற ஹென்றி ராபின்சன் பால்மருக்கு அப்போது இருபது வயதுக்குக் கொஞ்சம்தான் மேல். சின்னப் பசங்களின் சங்கத்தை யார் மதிப்பார்கள்? இரண்டு வருடம் அது பெரிதாக நகரவில்லை. 1820-ல் தாமஸ் டெல்ஃபோர்டைத் தலைவராக வரச் சொல்லிக் கேட்டார்கள். ஆடு மேய்ப்பவரின் மகனாகப் பிறந்து, கல் கொத்தும் வேலை பழகி, நாட்டின் பெரிய பாலங்களைக் கட்டியவர் அவர். அவர் வந்ததும் அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் வந்தார்கள். 1828-ல் அரசரின் சாசனமே கிடைத்துவிட்டது. சார்ட்டர் என்றால் அந்தச் சாசனம்தான். 'சார்ட்டர்டு இன்ஜினியர்' என்ற பெயர் பின்னாளில் வந்ததும் இதிலிருந்துதான்.

இந்தச் சங்கங்களில் பணம் கட்டினால் மட்டும் உறுப்பினர் ஆகிவிட முடியாது. ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள், இவரை எங்களுக்குத் தெரியும், இவர் வேலை எங்களுக்குத் தெரியும் என்று முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். பி.காம். படிப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சி.ஏ. பரீட்சையை எத்தனை முறை எழுதினாலும் (எழுதுகிறவர்களுக்குத் தெரியும் அந்த வலி!) ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் முடிக்காமல் சி.ஏ. ஆக முடியாது.

சரி, கையெழுத்துப் போட யாருமே இல்லாத ஒருவர் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குத்தான் அ. லலிதாவின் கதை வேண்டும்.

லலிதா 1919 ஆகஸ்ட் 27 அன்று ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் கையில் நாலு மாதப் பெண் குழந்தையோடு விதவை. அந்தக் காலத்தில் அதற்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு என்ன வாழ்க்கை இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிகல் பேராசிரியர். மகளைப் படிக்க வைக்க முடிவு செய்தார். அதுவரை அந்தக் கல்லூரியில் பெண்கள் படித்ததே கிடையாது. (கல்லூரியின் வேர் 1794-ல் தொடங்கிய சர்வே பள்ளி. கணக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் ஒன்றரை நூற்றாண்டு!) அப்பா முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். பிறகு கல்வித்துறை இயக்குநர் ஆர்.எம். ஸ்டேதமிடம் அனுமதி வாங்கினார்.

நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். ஹாஸ்டலில் மகள் தனியாக இருப்பது அப்பாவுக்குக் கவலை. பெண்களும் சேரலாம் என்று கல்லூரி விளம்பரம் கொடுக்க அவர் ஏற்பாடு செய்ததாகச் சொல்கிறார்கள். அப்படி சிவில் படிக்க வந்தவர்கள் பி.கே. த்ரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும். த்ரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். ஒருத்திக்குத் துணை தேடப் போட்ட விளம்பரம் எங்கே போய் நின்றது பாருங்கள்!

1943-44-ல் மூவரும் படிப்பை முடித்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்த சொல்லை அடித்துவிட்டுப் பேனாவால் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்களாம். லலிதாவுக்கு அதோடு முடியவில்லை. ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஒரு வருடப் பயிற்சி, சிம்லாவில் அரசு வேலை, லண்டன் எலெக்ட்ரிகல் இன்ஜினியர்கள் சங்கத்தின் தேர்வு, 1948-ல் கல்கத்தாவில் ஏ.இ.ஐ. கம்பெனி. அங்கே மின்கடத்திப் பாதைகள், துணை மின் நிலையங்கள் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் வேலையிலும் பங்கு உண்டு. 1953-ல் லண்டன் சங்கம் அவரை இணை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. முழு உறுப்பினர் ஆனது 1966-ல். பட்டம் வாங்கி இருபது வருடத்துக்கு மேல்! இந்த இடைவெளியைத்தான் கவனிக்க வேண்டும். பட்டத்துக்கும் பதிவுக்கும் நடுவில் இருந்தது முழுக்க வேலையும் அந்த வேலையைப் பார்த்த மனிதர்களும்தான்.

1964 ஜூனில் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு நடந்தது. இந்தியாவில் அப்படி ஒரு அமைப்பே இல்லாததால் லலிதா தனிப்பட்ட முறையில் போய்க் கலந்துகொண்டார். அடுத்த வருடம் லண்டன் பெண் பொறியாளர் சங்கத்தில் உறுப்பினர். (அந்தச் சங்கமும் அவர் பிறந்த 1919-ல்தான் தொடங்கியது.) 1967 கேம்பிரிட்ஜ் மாநாட்டுக்கு இந்தியப் பெண்களைத் தேடிச் சேர்க்கும் பொறுப்பு அவரிடமே வந்தது. 1979 அக்டோபரில் காலமானார்.

இதைப் படித்ததும் ஒரு மறுப்பு எழுவது நியாயம். அவர் அப்பா பேராசிரியர், முதல்வர் பக்கத்து அறைக்காரர். கோழிப் பண்ணையில் வேலை செய்பவரின் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? உண்மைதான். அதற்கு இந்தியாவில் வேறு ஒரு வழி இருந்தது. 1920-ல் உருவாகி 1935-ல் அரச சாசனம் பெற்ற இந்தியப் பொறியாளர் சங்கம், 1928 முதல் நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வு. டிப்ளமா முடித்து வேலைக்குப் போனவர்கள், ராத்திரியில் கண் விழித்துப் படித்து எழுதி இன்ஜினியர் ஆனார்கள். 2013 மே 31-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அது பட்டத்துக்குச் சமம் என்ற மத்திய அரசின் அங்கீகாரம் நின்றுபோனது.

இன்னொரு வேடிக்கை. ஆடிட்டர்களுக்கு 1949-ல், வக்கீல்களுக்கு 1961-ல், ஆர்க்கிடெக்ட்களுக்கு 1972-ல் தனிச் சட்டங்கள் வந்தன. அதில் பெயர் பதியாமல் தொழில் செய்ய முடியாது, அல்லது அந்தப் பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. பொறியாளர்களுக்கு அப்படி ஒரு மத்தியச் சட்டம் இல்லை. கான்வகேஷன் அன்றைக்கே எல்லோரும் இன்ஜினியர்! ஏழைப் பிள்ளைக்கு இது ஒருவகையில் நல்லது, யாரிடமும் கையெழுத்துக்குக் காத்து நிற்க வேண்டாம். ஆனால் கையெழுத்துப் போடக் கடமைப்பட்ட சீனியரும் இல்லாமல் போகிறார். அப்பாவோ மாமாவோ துறையில் இருக்கும் மாணவனுக்கு அந்த ஆள் வீட்டிலேயே கிடைத்துவிடுகிறார். வீட்டில் முதல் பட்டதாரியாக இருக்கும் மாணவன், அப்படி ஒரு ஆள் வேண்டும் என்பதையே மூன்றாம் வருட இன்-பிளான்ட் ட்ரெய்னிங்குக்கு லெட்டர் எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டில் நிற்கும்போதுதான் தெரிந்துகொள்கிறான்.